பீச்சாங்கைப் பக்கத்து நட்டு

ஷட்டர்காரனுக்கு அவன் அக்கா மேல் பல வருஷமாக ஒரு மனத்தாங்கல். கடைத்தெருவில் பாதிக் கடைகளில் அவன் மாட்டின ஷட்டர்தான் ஏறி இறங்குகிறது. அக்காவின் தையல் கடைக்கு மட்டும் வேறொருத்தன் வந்து மாட்டிவிட்டுப் போனான். அன்றைக்கு அந்த வழியாக வண்டியில் வந்தவன், ஏணி மேல் நின்ற அந்நியனைப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதோடு முடிந்திருந்தால் மறந்துதான் போயிருப்பான். குழாய் ஒழுகினால் ஒரு ஆள், காற்றாடி நின்றால் ஒரு ஆள், கதவுக் கீல் கழன்றால்கூட வெளியிலிருந்து ஒரு ஆள். தம்பி என்று ஒருத்தன் ஸ்பேனரும் கையுமாகப் பக்கத்துத் தெருவில் இருக்கிறான் என்பது அக்காவுக்குத் தோன்றவே தோன்றாது. போனால் டீ கொடுப்பாள். சட்டையில் பித்தான் இல்லையென்றால் கழற்றச் சொல்லித் தைத்துக் கொடுப்பாள். வேலை மட்டும் சொல்ல மாட்டாள்.

"நான் என்ன வேலை தெரியாதவனா?" என்று பெண்டாட்டியிடம் பொருமுவான்.

"அதை உங்க அக்காகிட்டப் போய்க் கேளுங்க. என்னைக் கேட்டா நான் உண்மையைச் சொல்லிடுவேன்" என்பாள் அவள்.

அக்காவிடம் அவன் கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம். அக்கா அப்படிப்பட்டவள். சின்ன வயதிலேயே பயந்தாங்கொள்ளி என்று பேர் எடுத்தவள். அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்புவாள், பாதி வழியில் திரும்பி வந்து காஸ் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். பூட்டின பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மறுபடி ஒரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அத்தான் வாசலில் நின்றுகொண்டு, "பூட்டு கையோட வந்துடப் போகுது, போதும் வா" என்று கத்துவார்.

ஆனால் கத்தரியைக் கையில் எடுத்துவிட்டால் அந்தப் பயம் எங்கே போகுமோ தெரியாது. இடது கைக்காரர்களுக்கென்றே செய்த பெரிய கத்தரி அவளுடையது. வேறு யார் எடுத்து வெட்டினாலும் துணி மடங்குமே தவிர வெட்டாது. பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து எழுத்தை மட்டும் வலது கைக்கு மாற்றினார்கள். மற்றதெல்லாம் மாறவில்லை. எவ்வளவு விலையான துணியானாலும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரே கோடு, ஒரே வெட்டு. நூல் பிசகாது. "துணி திரும்பி வந்து என்னை மோதாதுல்ல, அதான் பயமில்லை" என்பாள்.

அப்படிப்பட்டவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலைமை வந்தது. அத்தானுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. துணி பேல்களைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவதே தொழிலாக இருந்த மனிதர். ஒருநாள் சிவப்பு விளக்குத் தெரியாமல் நாற்சந்தி நடுவில் போய் நின்றார். அன்றோடு சாவியைக் கழற்றி அக்காவின் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டார். கண் டாக்டர் ஊசி போட வரச் சொன்ன நாளில் தவறாமல் வரவேண்டும், தவறினால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று சொல்லியிருந்தார். ஒருமுறை தவறியும்விட்டது.

அது தவறினதற்குக் காரணம் ஸ்டியரிங்.

கார் பழைய சின்னக் கார். எப்போதோ ஒரு பள்ளத்தில் இறங்கி முன்சக்கரத்துக் கம்பி ஒன்று வளைந்து, சாலையோரப் பட்டறைக்காரன் ஒருத்தன் வேறு கம்பி போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும், தூக்கத்தில் தலை சாய்ந்தவன் மாதிரி. அத்தான் அதைச் சட்டை செய்யவில்லை. "பழகிடும்" என்றார். அவருக்குப் பழகியும் போயிற்று. அக்கா கற்றுக்கொண்டதோ டிரைவிங் ஸ்கூல் காரில். அதில் ஸ்டியரிங் நேராக நின்றால் கார் நேராகப் போகும். சொந்தக் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய முதல் நாள், பெரிய ரோட்டில் ஸ்டியரிங் கோணலாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவள் கை தானாக அதை நேராக்கிவிட்டது. கார் எதிரே வந்த லாரியின் பக்கம் போயிற்று. லாரிக்காரன் அடித்த ஹாரன் இன்றைக்கும் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்கிறது என்பாள். அன்றைக்குப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள்.

பட்டறையில் விட்டால் சரிசெய்து தருவார்கள்தான். பட்டறை இருப்பது அதே பெரிய ரோட்டுக்கு அப்பால். "அந்த ரோட்டுல ஓட்டப் பயந்துதானே இதைச் சரிபண்ணணும்ங்கறேன்? சரிபண்ண அதே ரோட்டுல ஓட்டிட்டு வரச் சொல்றாங்க, வீட்டுக்கு வந்து பாக்க ஒருத்தனும் வரமாட்டேங்கறான்" என்று அக்கா போனில் புலம்பினாள். பிறகு, "தம்பி, நீ வந்து பாக்கறியா?" என்றாள்.

ஷட்டர்காரன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டான். அக்கா பேர்தான்.

மறுநாள் காலையிலேயே போய் நின்றான். டயர் கடைக்காரர் அவனுக்குப் பழக்கம். அவரிடம் இரும்பு முட்டுகளை வாங்கிக்கொண்டு, கூடவே விவரத்தையும் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுகிற குறுக்கு வழி வேண்டாம், கோணல் அடியில்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தார் அவர். முன்சக்கரம் ஒவ்வொன்றையும் ஸ்டியரிங்கோடு பிணைக்கிற கம்பி ஒன்று உண்டு. அதற்கு டை ராடு என்று பேர். மரையில் திருகினால் நீளும், குறையும். திருகிய இடத்திலேயே அதைப் பிடித்து வைப்பது செக்நட்டு. ஒரு பக்கக் கம்பியை எவ்வளவு நீட்டுகிறோமோ, மறுபக்கத்தில் அவ்வளவு குறைக்க வேண்டும். பிறகு செக்நட்டை உயிர்போகிற மாதிரி இறுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

"இறுக்கலைன்னா?" என்றாள் அக்கா.

"கம்பி தானா திரும்பும். சக்கரம் ஒரு பக்கம் பாக்கும், நீ ஒரு பக்கம் பாப்பே."

"டேய்!"

"இறுக்கிடுவோம்க்கா. என்ன இப்ப?"

"கேட்டதுக்கு ஒழுங்காப் பதில் சொன்னான், அவனைப் போய் டேய்ங்கறே" என்றார் அத்தான். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத காரைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். "மச்சான், எனக்கு அந்தக் கோணல் பிடிச்சிருந்துச்சு. திருடன் எடுத்துட்டுப் போனாக்கூட சுவத்துல முட்டிக்கிட்டு நிப்பான்."

வீட்டு முன்னால் சிமெண்டுத் தரை, சரிவில்லாத இடம். ஜாக்கி வைத்துத் தூக்கி முட்டுக்கொடுத்தான். அக்காவுக்குப் போதவில்லை. டிக்கியிலிருந்த உபரி டயரை உருட்டிக்கொண்டு வந்து வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டாள். "முட்டு வழுக்கிட்டா?"

"வழுக்காது."

"வழுக்கிட்டா கார் டயர் மேல விழட்டும், உன் மேல வேணாம்."

"டயர் மேல கார், கார் மேல நீ. நல்லா இருக்கும்."

ஆனாலும் டயர் அங்கேயே இருந்தது. பிறகு அக்கா உள்ளே போய்ச் சிவப்பு நூலும் சுண்ணாம்புக் கட்டியும் கொண்டுவந்தாள். டிரைவிங் ஸ்கூல் காரில் பார்த்த கணக்குப்படி ஸ்டியரிங்கின் உச்சி எதுவோ அங்கே சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அதற்கு நேரே டாஷ்போர்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு. "கார் நேரா ஓடறப்ப நூல் கோட்டுல நிக்கணும். அவ்வளவுதானே உன் வேலை?" என்றாள். ஷட்டர்காரனுக்கு அதைக் கேட்டு ஒரு சந்தோஷம் வந்தது. யாரோ எவனோ வந்து செய்கிற வேலையில்லை, நானும் அக்காவும் சேர்ந்து செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டான்.

ஷட்டர் தொழிலில் இடது வலது என்று பேசினால் வினைதான். கடைக்கு வெளியே நிற்கிறவனுக்கு இடது பக்கம், உள்ளே நிற்கிறவனுக்கு வலது பக்கம். ஒருத்தன் இழு என்பான், மற்றவன் வேறு முனையை இழுப்பான், விரல் நசுங்கும். அதனால் அவன் பட்டறையில் ஒரு சட்டம் வைத்திருந்தான். எங்கே நின்றாலும் சரி, கடைக்குள் நுழைகிற மாதிரி நினைத்துக்கொள். சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று மட்டும் சொல். இடது வலதில் தடுமாறுகிறவன்கூட, எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்பதில் தடுமாற மாட்டான். அந்தச் சட்டம் வந்த பிறகு ஒருத்தன் விரலும் நசுங்கினதில்லை.

அதைத்தான் அக்காவுக்கும் சொன்னான். "கார் அடியில படுத்துட்டா இடது வலது எல்லாம் தலைகீழாப் போயிடும். நீ டிரைவர் சீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி நினைச்சுக்கோ. சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம். சரியா?"

"சரி" என்றாள் அக்கா. சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடி, இரண்டு கையையும் ஒருமுறை லேசாக அசைத்துப் பார்த்துக்கொண்டாள்.

முதல் சுற்றை அவனே முடித்தான். தொந்தி உள்ளே நுழையாது. சக்கரத்துக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்துக் கையை நீட்டித்தான் எட்ட வேண்டியிருந்தது. துருப்பிடித்த செக்நட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்த பிறகுதான் அசைந்தது. இரண்டு பக்கமும் திருகி, இறுக்கி, கீழே இறக்கி, தெருவில் ஓட்டிப் பார்த்தார்கள். அக்கா ஓட்டினாள், அவன் பக்கத்தில். நூல் கோட்டுக்குக் கிட்டே வந்திருந்தது. தொடவில்லை.

"விடுக்கா. இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். காலர் இந்த அளவு கோணினா நான் பிரிச்சுத்தான் தைப்பேன்."

மறுபடி தூக்கினார்கள். மறுபடி முட்டு, மறுபடி உபரி டயர். இரண்டு செக்நட்டையும் தளர்த்தி, கம்பிகளைத் துளித் துளி திருகினான். சோத்துக்கைப் பக்கத்து நட்டை இறுக்கி முடித்து, வண்டியைச் சுற்றி மறுபக்கம் வரும்போது போன் அடித்தது. மருந்துக்கடைக்காரர். ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டதாம், ஜனம் குனிந்து குனிந்து மருந்து வாங்குகிறார்களாம், முட்டிவலிக்கு மருந்து வாங்க வந்தவர்களைக் குனியச் சொல்வது நியாயமா என்று கத்தினார். தெருவில் லோடு வண்டி ஒன்று இரைந்துகொண்டு நின்றது. காதைப் பொத்திக்கொண்டு வாசல் கேட்டுப் பக்கம் நடந்தான் ஷட்டர்காரன்.

"தம்பி, நான் இறுக்கட்டுமா? இன்னைக்கு இவருக்கு ஊசி, டாக்டர்கிட்டப் போக நேரமாகுது" என்று அக்கா கேட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அக்கா ஸ்பேனரைப் பிடித்திருந்த பிடி கத்தரியைப் பிடிக்கிற பிடி. அந்தக் கைக்கு நட்டு ஒரு பொருட்டில்லை. "பீச்சாங்கைப் பக்கம் ஒண்ணுதான் பாக்கி. நல்லா இழுத்து இறுக்கு!" என்று கத்திவிட்டு மறுபடி போனைக் காதில் வைத்தான்.

அக்கா கார் அடியில் போனாள். பயந்தவள், போகிறதற்கு முன் முட்டுகளைக் காலால் உதைத்துப் பார்த்தாள், டயரை இன்னும் கொஞ்சம் தள்ளினாள், பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்து நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து குரல் வந்தது: "இறுக்கமாத்தான்டா இருக்கு!"

"ஆங், சரி, வந்துடு!" என்றான் இவன். மருந்துக்கடைக்காரரிடம், "அதை யாரும் இழுக்காதீங்க, நான் வந்து பாக்கறேன்" என்றான்.

வண்டியை இறக்கினார்கள். தெருக்கோடி வரை போய் வந்தார்கள். நூல் கோட்டில் வந்து நின்றது. அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை ஒரு நொடி எடுத்துவிட்டு, உடனே பிடித்துக்கொண்டாள். "நேராப் போகுதுடா" என்றாள், ஏதோ திருட்டுப் பொருள் கிடைத்துவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்தி.

அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். அத்தானுக்குச் சட்டை மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன்சீட்டில் உட்கார வைத்தாள். "நீ இருந்து சாப்பிட்டுட்டுப் போ. கதவைப் பூட்டிட்டு சாவியை எதிர்வீட்டுல குடு. இழுத்துப் பாத்துட்டுக் குடு" என்றாள். கார் தெருமுனையில் திரும்பி மறைகிற வரை ஷட்டர்காரன் வாசலில் நின்றான். திரும்பும்போது அத்தானின் கை ஜன்னலுக்கு வெளியே வந்து, இவன் நிற்கிற திசை தெரியாமல், பொதுவாக ஆடியது.

கையில் கறுப்புப் போகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தான். தரையில் அக்கா சாப்பிட்ட தட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் அவனுக்கு வைத்த தட்டு. உட்கார்ந்து, சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தன் தட்டுக்கு இடது பக்கம் வைத்தான். டம்ளர் இன்னொரு டம்ளரில் இடித்து 'டங்' என்றது.

அக்காவின் டம்ளர். அது அவள் தட்டுக்கு வலது பக்கம் இருந்தது.

ஒரு கவளம் எடுத்த கை வாய்க்குப் போகவில்லை. சின்ன வயதில் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒன்று முழங்கை இடிக்கும், இல்லை டம்ளர் இடிக்கும். அம்மா நடுவில் ஒரு சொம்பை வைத்துப் பிரித்து வைப்பாள். அக்கா இடது கையால் சாப்பிடுகிறவள். அவளுடைய சோத்துக்கை இடது கை. அப்படியென்றால் அவளுடைய பீச்சாங்கை எது?

எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்பதில் யாரும் தடுமாற மாட்டார்கள். அக்காவும் தடுமாறவில்லை. சீட்டில் உட்கார்ந்த மாதிரி கண்ணை மூடி நினைத்துப் பார்த்து, சரியாக அவளுடைய பீச்சாங்கைப் பக்கத்துக்குப் போயிருக்கிறாள். அது அவன் இறுக்கிவிட்டுப் போன பக்கம். ஸ்பேனரைப் போட்டு இழுத்திருக்கிறாள். அசையவில்லை. 'இறுக்கமாத்தான் இருக்கு' என்று சொல்லவும் சொன்னாள். இறுக்கிவிட்டேன் என்றா சொன்னாள்? இருக்கு என்றல்லவா சொன்னாள்!

இன்னொரு நட்டு அவன் தளர்த்தி விட்டபடியே இருக்கிறது.

எழுந்தான். கால் டம்ளரைத் தட்டித் தண்ணீர் ஓடியது. போனை எடுத்து அக்கா நம்பரை அழுத்தினான். தையல் மெஷின் இழுப்பறைக்குள்ளிருந்து மணி அடித்தது. ஓட்டும்போது போனைத் தொடாதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். தொடாமல் இருக்க அவள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அத்தான் கண் மங்கினதிலிருந்து போன் வைத்துக்கொள்வதில்லை.

கதவைச் சாத்தினானா, பூட்டினானா, தெரியாது. தன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். ஸ்பேனர் பை மடியில் இருந்தது.

முன்னால் ஒருதரம், வேறு யாரோ மாட்டின ஷட்டர் ஒன்றைச் சரிபார்க்கப் போயிருந்தான். பக்கவாட்டுத் தாங்கியில் ஒரு நட்டைக் கையால் திருகினதோடு விட்டிருந்தான் மாட்டினவன். இவன் ஏணியை எடுக்கத் திரும்பின நேரத்தில் ஷட்டர் விழுந்தது. அடியில் யாருமில்லை, ஒரு பிளாஸ்டிக் முக்காலிதான் இருந்தது. அந்த முக்காலி அப்பளமாகக் கிடந்தது இப்போது கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. வந்து வந்து அதன் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

பெரிய ரோடு. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவனைத் தாண்டின. தூரத்தில் சின்னக் கார் எது தெரிந்தாலும் முறுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் பார்ப்பான், வேறு முகம். ஒரு வளைவில் சாலையில் கண்ணாடித் தூள் கிடந்தது. வண்டியை நிறுத்திவிட்டான். பக்கத்தில் இளநீரோ எதுவோ விற்றுக்கொண்டிருந்தவரிடம், "எப்ப நடந்தது?" என்று கேட்டான்.

"அதுவா? அது போன வாரம். யாரும் கூட்டித் தள்ளலை" என்றார் அவர். "உக்காருங்களேன். முகமெல்லாம் வேர்த்திருக்கு."

உட்காரவில்லை. முன்னால் மேம்பாலம் இருந்தது. அதில் ஏறிவிட்டால் ஓரம் கட்ட இடம் கிடையாது. இறக்கத்தில் எல்லா வண்டியும் பறக்கும். அங்கே சக்கரம் ஒரு பக்கம், ஸ்டியரிங் ஒரு பக்கம் என்று ஆனால்? 'சக்கரம் ஒரு பக்கம் பாக்கும், நீ ஒரு பக்கம் பாப்பே.' காலையில் சிரித்துக்கொண்டே சொன்னது. இத்தனை வருஷம் கழித்து முதல்முதலாக ஒரு வேலை சொன்னாள். அதையும் செய்யாமல் போனில் கத்திக்கொண்டு நின்றேன். கடவுளே, வெளியாள் எவனையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா இவள்!

பாலத்துக்குச் சற்று முன்னால், சாலையை விட்டு நன்றாக இறங்கி, புல்லில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. நாலு மூலையிலும் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். அக்கா உள்ளே இருந்தாள். இன்ஜின் அணைந்திருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அத்தான், காற்றைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா!"

அவள் திரும்பவில்லை. "நூல் நகருதுடா" என்றாள். "தெருவுல கோட்டுல இருந்துச்சு. பெரிய ரோட்டுக்கு வந்ததும் ஊசி கனம் தள்ளிப் போச்சு. இவர்கிட்டச் சொன்னேன். பழகிடும்ங்கறார். அப்புறம் இன்னொரு ஊசி கனம். எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. ஓரமா இறக்கி நிறுத்திட்டேன். பாலத்துல ஏத்த மாட்டேன்னுட்டேன். திட்டறார்."

"நான் எங்கே திட்டினேன்? ஊசி கனத்துக்கு வண்டியை நிறுத்தற முதல் ஆளு நீதான்னு சொன்னேன். யாரு, மச்சானா அது? ஏன் இப்படி மூச்சு வாங்கறே?"

ஷட்டர்காரன் புல்லில் மல்லாந்து, தொந்தியைப் பற்றிக் கவலைப்படாமல், எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே நுழைந்து கையை நீட்டினான். செக்நட்டு விரலுக்கே சுழன்றது. ஸ்பேனர் தேவைப்படவில்லை. இரண்டு விரலால், பாட்டில் மூடியைத் திறக்கிற மாதிரி. அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தான். சாலையில் லாரிகள் போவது முதுகுக்கு அடியில் தரை அதிர்வதில் தெரிந்தது.

கம்பி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை மரையில் துருப்பிடித்த இடத்தையும் பளபளப்பான இடத்தையும் வைத்துப் பார்த்துத் திருப்பினான். "நூலைப் பாரு!" என்று கத்தினான். "கோட்டுல பிடிச்சுக்கோ! விடாதே!" பிறகு நட்டை இறுக்கினான். இறுக்கிய பிறகும் இறுக்கினான். ஸ்பேனரை எடுத்துவிட்டு, திரும்பப் போட்டு, இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான். காஸ் குமிழைத் தொட்டுப் பார்க்கிற அக்கா மாதிரி. மறுபக்கமும் போய் அதையும் இழுத்துப் பார்த்தான்.

வெளியே வந்தபோது அக்கா இறங்கி நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எந்த விஷயம் என்று புரியவில்லை.

"நான் இறுக்கினேனேடா. நீ சொன்ன பக்கம்தானே?"

"உன் சோத்துக்கை எதுக்கா?"

அக்கா யோசிக்காமல் இடது கையைத் தூக்கினாள். தூக்கின கையைப் பார்த்தாள். தம்பியின் கையைப் பார்த்தாள். மெதுவாக அந்தக் கை அவள் வாயைப் பொத்திக்கொண்டது.

காருக்குள்ளிருந்து அத்தான் சிரிக்க ஆரம்பித்தார். "அடப்பாவி! கல்யாணம் ஆன புதுசுல சாப்பிட உக்காந்தா இவ முழங்கை என் விலாவுல இடிச்சுக்கிட்டே இருக்கும். எனக்குத் தெரியும். கூடப் பொறந்தவனுக்குத் தெரியலையா?" பிறகு யாரும் சேர்ந்து சிரிக்காததைக் கவனித்து, அவரும் நிறுத்திக்கொண்டார். "பாலத்துல ஏறியிருந்தா?" என்று கேட்டார், கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில்.



ஷட்டர்காரன் ஸ்பேனரைப் பையில் போடப் போய் இரண்டு தடவை கீழே போட்டான். "இதனாலதானே நீ என்னை எதுக்கும் கூப்பிடறதில்லை?" என்றான். கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. அதுவாக வந்துவிட்டது.

"எதனால?"

"கடைக்கு ஷட்டர் மாட்டறப்பகூட வெளியாளைக் கூப்பிட்டே."

"ஐயோ, அதையா இன்னும் வெச்சுக்கிட்டிருக்கே?" அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வெளியாள்னா ஏன்டா இப்படிப் பண்ணினேன்னு கத்தலாம். கத்திட்டு நான் போய் என் வேலையைப் பாப்பேன். உன்னைக் கத்தினா எனக்குத்தானே தூக்கம் வராது? அந்தப் பயம்தான்."

"இப்பக் கத்து."

"இப்ப எங்கே கத்தறது? தொண்டையில தண்ணியே இல்லை."

அவன் வண்டிப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். அவள் குடித்துவிட்டு அத்தானிடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் நேரம் இருந்தது. உடனே கிளம்பினால் போய்விடலாம்.

"நீ பக்கத்துல உக்காரு, நான் ஓட்டறேன்" என்றான் ஷட்டர்காரன். "என் வண்டி இங்கேயே கிடக்கட்டும்."

"உன் கை ஆடற ஆட்டத்துக்கு நீ ஓட்டறதா? வேணாம். நானே ஓட்டறேன்." அக்கா சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நூல் கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தாள். கதவைச் சாத்தி, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று உள்ளிருந்து தள்ளிப் பார்த்தாள். கண்ணாடியை இறக்கினாள். சாவியைத் திருகினாள்.

"தம்பி, இங்க பாரு. பின்னாலயே வா. முன்சக்கரத்தையே பாத்துக்கிட்டு வா. ஏதாச்சும் கோளாறாத் தெரிஞ்சா ஹாரன் அடி. வாயைத் திறந்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு ஒண்ணும் கத்தாதே. நீ அடிச்சா நான் எதுக்குன்னு யோசிக்க மாட்டேன், நடுப்பாலமா இருந்தாலும் அங்கயே நிறுத்திடுவேன். அதனால சும்மா மட்டும் அடிச்சுடாதே."